சிகாகோவில் பனிக்காலம்: வண்டியை எங்கே விடுவது, தூக்கிவிட்டால் எங்கே போய் எடுப்பது

டிசம்பர் முதல் தேதி காலை ஏழேகால் மணி. காப்பிக் குவளையும் கையுமாக வாசலுக்கு வந்தால் வண்டியைக் காணோம். முந்தின இரவு பத்து மணிக்கு, வழக்கமாக லேசில் இடம் கிடைக்காத பெரிய சாலையோரத்தில்தான் விட்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் அந்த நீளம் முழுக்கக் காலியாக இருந்தது. நம் நேரம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே மேலே போய்ப் படுத்துவிட்டேன். சிகாகோவில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தெருவோரம் மொத்தமாகக் காலியாகக் கிடந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பனி ஒரு பொட்டுகூட இல்லை. தரை காய்ந்து கிடந்தது. திருடு போய்விட்டது என்றே முடிவுகட்டி போலீசுக்குப் போன் போடக் கையை எடுத்தேன். நாயோடு நடக்க வந்த பக்கத்துக் கட்டடத்துக்காரர் நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலைக்கு மேலே இருந்த கம்பத்தைப் பார்த்தார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, விடிகாலை 3 மணி முதல் 7 மணி வரை வண்டி நிறுத்தக்கூடாது, மீறினால் தூக்கப்படும் என்று பலகை சொன்னது. ஆறு மாதமாக அந்தக் கம்பத்தின் கீழே வண்டியை விட்டு எடுத்தவன் நான். ஒருநாள்கூட மேலே பார்த்ததில்லை. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

சிகாகோவுக்குப் புதிதாக வந்து, முதல் வண்டியை வாங்கி, தெருவில் விட்டு எடுக்கிற எல்லோருக்கும் இது பயன்படும் என்று எழுதுகிறேன். புறநகரில் இருப்பவர்களும் படிக்கலாம். வார இறுதியில் நகரத்தில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பேசிக்கொண்டே இருந்து அங்கேயே படுத்துவிடுகிறவர்களும் இதில் நிறைய மாட்டுகிறார்கள்.

தடை ஒன்றல்ல, இரண்டு

முதலாவது, பனிக்கால இரவுத் தடை. நகரத்தின் முக்கியச் சாலைகளில் மொத்தம் 107 மைல் நீளத்துக்கு இது உண்டு. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை தினமும் விடிகாலை 3 முதல் 7 மணி வரை. ஞாயிறு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எதற்கும் விலக்குக் கிடையாது.

இதற்கும் பனிக்கும் சம்பந்தமே இல்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பெயரில் பனிக்காலம் இருப்பதால், பனி கொட்டினால்தான் தடை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். வானம் தெளிவாக இருக்கிறதே, இன்றைக்கு எடுக்க மாட்டார்கள் என்று விட்டால் போச்சு. நகராட்சி பார்ப்பது காலண்டரையும் கடிகாரத்தையும்தான். ஒவ்வொரு ஆண்டும் தடை தொடங்கும் முதல் இரவில் மட்டும் ஏறக்குறைய இருநூறு வண்டிகள் போகின்றன. அவற்றில் பாதிக்குமேல் என்னைப் போல வானத்தைப் பார்த்தவர்களுடையதாகத்தான் இருக்கும்.

இதற்கான கணக்கு இப்படி: டிக்கெட் 60 டாலர், வண்டியைத் தூக்கிப் போன கூலி குறைந்தது 150 டாலர், பவுண்டில், அதாவது தூக்கிய வண்டிகளை நகராட்சி அடைத்து வைக்கிற இடத்தில், வைத்திருப்பதற்கு நாளொன்றுக்கு 25 டாலரில் தொடங்கும் வாடகை. அன்றைக்கே போய் எடுத்தாலும் 235 டாலர். வந்த புதிதில் எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தால் இருபதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில்.

தேதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தடை டிசம்பர் 1 விடிகாலை 3 மணிக்கு அமலுக்கு வருகிறது. அதாவது நவம்பர் 30 ராத்திரி படுக்கப் போகும்போதே வண்டி அந்தச் சாலையை விட்டு வெளியே இருக்க வேண்டும். ‘டிசம்பர் 1 ராத்திரி எடுத்துக்கொள்ளலாம்’ என்று நினைப்பவருக்கு முதல் நாளே கதை முடிந்துவிடும். நவம்பர் 30 பெரும்பாலும் நன்றி நவிலும் நாள் விடுமுறையை ஒட்டி வருவதால், ஊர் சுற்றிவிட்டு அசதியோடு திரும்பி, கிடைத்த இடத்தில் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களும் உண்டு. முடிவும் அப்படித்தான், ஏப்ரல் 1 வந்துவிட்டது என்று அவசரப்படாதீர்கள். ஏப்ரல் 2 ராத்திரியிலிருந்து விட்டால் எந்தக் குழப்பமும் இல்லை. என் அம்மாவுக்குப் போனில் விளக்கியபோது, ‘கார்த்திகை பாதியிலிருந்து பங்குனி பாதி வரைன்னு சொல்லேன்’ என்றாள். அதற்கப்புறம் எனக்கும் அது மறக்கவில்லை.

இரண்டாவது, இரண்டு அங்குலத் தடை. இது வேறு சுமார் 500 மைல் முக்கியச் சாலைகளுக்கு. தெருவில் இரண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்டிமீட்டர் பனி சேர்ந்தால் இது பொருந்தும். இதற்கு மணிக் கணக்கும் இல்லை, மாதக் கணக்கும் இல்லை. மத்தியானம் இரண்டு மணியானாலும் சரி, நவம்பரில் தப்பித் தவறி ஒரு பனி கொட்டினாலும் சரி. பனி வாரும் வண்டிக்கு வழி வேண்டும் என்றால் உங்கள் வண்டிக்கு டிக்கெட் ஒட்டலாம், அல்லது இழுத்துக்கொண்டு போய் வேறு தெருவில் விடலாம்.

இரண்டு அங்குலத்தை எப்படி அளப்பது? வண்டியின் கூரைமேல் பார்க்காதீர்கள், காற்று அங்கே ஒதுக்கிக் குவித்திருக்கும். தெருவோரத்தில் மிதிபடாத இடத்தில் கட்டைவிரலை நேராகக் குத்துங்கள். விரல் முழுக்க முங்கினால் இரண்டு அங்குலம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முங்குகிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குப் பனி இருந்தாலே நான் எடுத்துவிடுவேன். பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது அளந்து வாதாடுவது வீண் வேலை.

முதல் தடையைத் தேதியை வைத்து முன்கூட்டியே திட்டமிடலாம். இரண்டாவதற்கு வானிலைச் செய்தி பார்க்கிற பழக்கம் வேண்டும். காலையில் எழுந்ததும் ஒருமுறை, ராத்திரி படுக்குமுன் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி

நாம் நினைக்கிற மாதிரி காசு பிடுங்குவதற்கு மட்டும் இல்லை. தடம் தடமாகக் கணக்குப் போட்டால் சிகாகோவில் 9,000 மைலுக்கு மேல் சாலை இருக்கிறது. அதில் உப்பு தூவவும் பனி வாரவும் நகராட்சியிடம் இருப்பது முந்நூறு வண்டிகளுக்குள்தான். முதலில் பெரிய சாலைகளும் ஏரிக்கரைச் சாலையும் (லேக் ஷோர் டிரைவ்). பஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் அவற்றில்தான் ஓட வேண்டும். குறுக்குத் தெருக்கள் அப்புறம்தான். ஓரத்தில் ஒரே ஒரு கார் நின்றாலும் பனி வாரும் வண்டி அதைச் சுற்றி வளைந்து போகும். வாராமல் விட்ட அந்தப் பனி மறுநாள் இறுகிப் பாறையாகிவிடும், ஒரு தடமே காணாமல் போகும்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பனி என்றால் அரசியலும்கூட. 1979 ஜனவரியில் ஒன்றரை அடிக்கு மேல் பனி கொட்டியது, நகரமே முடங்கிப்போனது. அடுத்த மாதம், மேயர் பதவிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த உட்கட்சித் தேர்தலில் மேயர் மைக்கேல் பிலாண்டிக் தோற்று, ஜேன் பைர்ன் ஜெயித்தார். பிறகு அவரே சிகாகோவின் முதல் பெண் மேயரானார். பனியை வாரத் தெரியாதவன் மேயர் நாற்காலியில் உட்கார முடியாது என்பது அதற்கப்புறம் வந்த எல்லா மேயர்களுக்கும் தெரியும். 2011 பிப்ரவரியில் 21 அங்குலம் கொட்டியபோது ஏரிக்கரைச் சாலையில் நூற்றுக்கணக்கான கார்கள் இரவு முழுக்கப் பனியில் புதைந்து நின்றன. இப்போதைய இரவுத் தடை 1999, 2000 ஆண்டுகளில் வந்த பெரும் பனிகளில் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்தது என்று நகராட்சி சொல்கிறது.

இவ்வளவு கறாரான ஊரில் பனி வாரும் வண்டிகளுக்கு மக்களே பெயர் வைக்கும் போட்டியும் நடக்கிறது. ஜெயித்த பெயர்களில் ஒன்று ‘கன்ட்ரோல் சால்ட் டிலீட்’, கணினியில் அழுத்துகிற ‘கன்ட்ரோல் ஆல்ட் டிலீட்’டில் உப்பைத் தூவியது. நம் ஐடி ஆட்கள் யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எந்த வண்டி எந்தத் தெருவில் போகிறது என்று நகராட்சி இணையதளத்தில் நேரலையாகவும் பார்க்கலாம். உங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று அது சொல்லாது. ஆனால் பெரிய சாலைகளிலேயே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் உங்கள் சந்துக்கு இன்று வரப்போவதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இரவு வண்டியை விடுகிற முறை

வண்டியை நிறுத்தியதும் இறங்கி, முன்னால் ஒரு கம்பம், பின்னால் ஒரு கம்பம் என்று இரண்டையும் நடந்து போய்ப் பாருங்கள். உங்கள் பம்பருக்கு நேராகப் பலகை இல்லை என்பதால் தடை இல்லை என்று ஆகாது, ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகை வரை அதே விதிதான். ஒரே கம்பத்தில் மூன்று நான்கு பலகைகள் தொங்கும். ஒன்று பனிக்காலத்துக்கு, ஒன்று அந்தப் பகுதிவாசிகளின் பெர்மிட்டுக்கு, இன்னொன்று தெரு கூட்டும் நாளுக்கு. எல்லாவற்றையும் படிக்க வேண்டும். இருட்டில் தெரியவில்லையா, போன் டார்ச் அடித்துப் பாருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அப்படியே ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வழக்காட வேண்டி வந்தால் உதவும், எங்கே விட்டோம் என்று மறந்துபோனாலும் உதவும்.

இடம் தேடும்போது பெரிய சாலையை விட்டு ஒரு திருப்பம் உள்ளே போய்விடுங்கள். வீடுகள் மட்டுமே இருக்கிற குறுக்குத் தெருக்களில் பெரும்பாலும் இந்த இரண்டு தடையும் இருக்காது. அங்கே வேறு பிரச்சினை, அந்தப் பகுதி பெர்மிட். நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் விருந்தினர் பெர்மிட் ஒன்றை அவரிடம் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். அப்புறம் தீயணைப்புக் குழாய். பனி மூடினால் அது குட்டையான வெள்ளைக் குவியலாகத்தான் தெரியும். இரண்டு பக்கமும் 15 அடி விட வேண்டும் என்ற விதி பனிக்காலத்திலும் மாறாது. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் சும்மா கிடக்கிறதே என்று விடாதீர்கள், அங்கே நிறுத்தவே கூடாது.

புறநகர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. நேப்பர்வில், ஷாம்பர்க் பக்கம் குடியிருந்தால் மேலே சொன்ன தேதியும் மணியும் உங்கள் தெருவுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு ஊருக்கும் தனிச் சட்டம். பல ஊர்களில் ஆண்டு முழுவதுமே இரவில் தெருவில் வண்டி விடக்கூடாது. வீடு பார்க்கும்போதே, ‘கராஜில் எத்தனை வண்டி, விருந்தாளி வந்தால் எங்கே விடுவது’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கே உரிய சிக்கல். டிசம்பர், ஜனவரியில் மூன்று வாரம் ஊருக்குப் போவோம், பொங்கல் முடிந்துதான் திரும்புவோம். வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள். தடையில்லாத தெருவானாலும், ஏழு நாளுக்கு மேல் அசையாமல் கேட்பாரற்றுக் கிடப்பதாகத் தோன்றினால் அதைக் கைவிட்ட வண்டியாகக் கருதலாம். நீங்கள் மதுரையில் கரும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். கடிதம் வரும், ஆனால் அது உங்கள் பூட்டிய வீட்டுத் தபால் பெட்டிக்குத்தான் வரும். யாரும் வந்து கேட்காத வண்டிகள் கடைசியில் விற்பனைக்கோ நசுக்குவதற்கோ போய்விடும். கராஜ் இருக்கிற நண்பரிடம் விடுங்கள். முடியாவிட்டால் சாவியை ஒருவரிடம் கொடுத்து, வாரம் இருமுறை இடம் மாற்றி நிறுத்தச் சொல்லுங்கள். பேட்டரியும் சாகாமல் இருக்கும். திரும்பி வரும்போது அவருக்குக் கொஞ்சம் நல்ல முறுக்காகக் கொண்டு வாருங்கள், அது கட்டாயம்.

பனி கொட்டிய மறுநாள்

வண்டியைத் தோண்டி எடுக்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. என்ஜினைப் போடுவதற்கு முன்னால் பின்பக்கம் போய்ப் புகைக்குழாய் வாயில் இருக்கிற பனியைத் தோண்டி எடுத்துவிடுங்கள். குழாய் அடைபட்டிருக்க, உள்ளே உட்கார்ந்து ஹீட்டர் போட்டுக் குளிர் காய்ந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. குழந்தைகளை முன்கூட்டியே வண்டியில் உட்கார வைத்துவிட்டு நாம் வெளியே பனி வாருகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

வாரிய பனியை நடுத்தெருவில் தள்ளக்கூடாது, அதற்கு அபராதம் உண்டு. நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிற புல் திட்டில் போடலாம். பனி வாரும் வண்டி உங்களைத் தாண்டிப் போகும்போது ஒரு வரப்பு மாதிரிப் பனியைக் காருக்குப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டுப் போகும். அதை உடனே வாரிவிடுங்கள், ராத்திரி தாண்டினால் மண்வெட்டி இறங்காது.

இப்படி ஒரு மணி நேரம் இடுப்பொடிய வாரிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பினால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். அதற்காக இந்த ஊரில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், பெயர் ‘டிப்ஸ்’ (dibs), ‘இது என் இடம்’ என்று முந்திக்கொள்வது. தோண்டிய இடத்தில் பழைய நாற்காலி, இஸ்திரி மேசை, பிளாஸ்டிக் வாளி என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். நம் ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். சட்டத்தில் இதற்கு இடமில்லை, பொதுத்தெரு யாருக்கும் சொந்தமில்லை. கொஞ்ச நாள் பொறுத்து நகராட்சியே நாற்காலிகளை வாரிக்கொண்டு போகும். ஆனால் என் யோசனை, இன்னொருவர் வைத்த நாற்காலியை நகர்த்தி உங்கள் வண்டியை விடாதீர்கள். துண்டை எடுத்து எறிந்துவிட்டு உட்கார்ந்தால் பஸ்ஸில் என்ன நடக்குமோ அதேதான் இங்கேயும் நடக்கும். துண்டுக்காரர் வரும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள், உங்கள் கார் மட்டும்தான் இருக்கும்.

வண்டியைக் காணோம் என்றால்

பதற்றப்படாமல் கீழே சொல்கிற வரிசையில் போங்கள்.

1. முதலில் தெருப் பெயரைச் சரிபாருங்கள். சிரிக்காதீர்கள், பனி மூடிய காலையில் எல்லாத் தெருவும் ஒரே மாதிரிதான் இருக்கும். நேற்று எடுத்த பலகைப் படம் இங்கே கைகொடுக்கும்.

2. பக்கத்துத் தெருக்களைச் சுற்றி நடங்கள். பனி வாருவதற்காக வண்டியை இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் பவுண்டுக்கு அலைய வேண்டியதே இல்லை.

3. சிகாகோ நகராட்சி இணையதளத்தில் தூக்கப்பட்ட வண்டிகளைத் தேடுகிற பக்கம் உண்டு. நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் எந்தப் பவுண்டில் இருக்கிறது என்று சொல்லும், அல்லது எந்தத் தெருவுக்கு மாற்றப்பட்டது என்று சொல்லும். இணையம் ஒத்துவராதவர்கள் 311-ஐ அழைக்கலாம். நகரத்துக்கு வெளியிலிருந்து அழைத்தால் 312-744-5000. விடிகாலையில் தூக்கியது உடனே பதிவில் ஏறியிருக்காது. முதல் தடவை இல்லை என்று வந்தால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்கள். இந்தத் தேடலில் எங்குமே இல்லை என்றால்தான் போலீசில் திருட்டுப் புகார்.

4. பிளேட் எண் மனப்பாடமாக இல்லையா? இன்ஷூரன்ஸ் செயலியில் இருக்கும். அல்லது வண்டி வாங்கிய அன்று வாட்ஸாப்பில் குடும்பத்துக்கு அனுப்பிய படத்தில், மாலையும் குங்குமமுமாக, கட்டாயம் இருக்கும். என்னுடையது அங்கேதான் கிடைத்தது.

5. கிளம்புமுன் காகிதங்கள். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம், வண்டி உங்களுடையது என்பதற்கு ரெஜிஸ்ட்ரேஷன் அல்லது டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்), இன்ஷூரன்ஸ் அட்டை. சிக்கல் என்னவென்றால் இவற்றில் இரண்டு காகிதங்கள் காருக்குள்ளேயே டாஷ்போர்டு அறையில் இருக்கும், கார் பவுண்டில் இருக்கும். அதனால் இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் ரெஜிஸ்ட்ரேஷன் அட்டையைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள். இன்ஷூரன்ஸ் அட்டையைப் போனில் காட்டினால் இல்லினாயில் செல்லும். அசல் டைட்டிலை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தால் அதைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. வண்டி மனைவி பெயரிலோ அறைத்தோழர் பெயரிலோ இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் போனவர் திரும்பி வர வேண்டியிருக்கும்.

6. எந்தப் பவுண்டு என்று உறுதிப்படுத்திக்கொண்டு அன்றைக்கே போங்கள். இரவுத் தடையில் தூக்கிய வண்டிகள் பொதுவாக இரண்டு இடங்களில் ஒன்றுக்குத்தான் போகும். ஒன்று 103-ஆம் தெருவும் டோட்டி அவென்யூவும் சேருமிடம், தெற்குக் கோடி. மற்றொன்று வடக்கு சாக்ரமெண்டோ 701, மேற்குப் பக்கம். தவறான இடத்துக்குப் போய் நின்றால் அரைநாள் போச்சு. முடிந்தால் கார் இருக்கிற நண்பரைக் கூட்டிப் போங்கள். ஜம்பர் கேபிளும் இருக்கட்டும், குளிரில் நின்ற வண்டி கிளம்ப அடம் பிடிக்கும். பனி சுரண்டியை மறக்காதீர்கள், அதுவும் வழக்கமாகக் காருக்குள்ளேதான் இருக்கும்.

பவுண்டு என்ற சொல் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதில்லை. அடுத்தவர் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைத்து வைக்கிற பவுண்டு எங்கள் பக்கத்தில் இருந்தது. தண்டம் கட்டினால்தான் மாடு வெளியே வரும். கட்டும்வரை தீனிக் காசு தனி. சிகாகோ பவுண்டும் அதேதான், மாட்டுக்குப் பதில் டொயோட்டா நிற்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் ஒரு வரிசை, பைஜாமாவுக்கு மேல் கோட் மாட்டிக்கொண்டு வந்த பாதிப்பேர். எனக்கு முன்னால் நின்றவர் ஆஸ்பத்திரி இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தார், கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டும் பயனில்லை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்கள் வண்டியைத் தூக்கியவரும் இல்லை, விதியை எழுதியவரும் இல்லை. காகிதத்தைக் கொடுத்து, பணத்தைக் கட்டி, ரசீதை வாங்குங்கள்.

7. வண்டியைப் பார்த்ததும் ஏறிக் கிளம்பிவிடாதீர்கள். நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள், படம் எடுங்கள். பம்பருக்குக் கீழே குனிந்து பாருங்கள், சக்கரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கீறலோ உடைசலோ இருந்தால் வாசலைத் தாண்டுமுன் அங்கேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். வெளியே வந்த பிறகு அது எங்கே பட்டது என்று நிரூபிப்பது கஷ்டம்.

பணம் கட்டியாச்சு, அப்புறம்?

தூக்கிய கூலியும் வாடகையும் ஒரு கணக்கு, 60 டாலர் டிக்கெட் தனிக் கணக்கு. பவுண்டில் கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று டிக்கெட்டை மறந்துவிடாதீர்கள். கெடு தாண்டினால் தொகை ஏறும். அப்படிக் கட்டாத டிக்கெட்டுகள் மூன்று சேர்ந்து இறுதித் தீர்ப்பும் ஆகிவிட்டால், சக்கரத்தில் பூட்டு மாட்டுவதற்கு வண்டி தகுதி பெற்றுவிடும். அது வேறு பெரிய தலைவலி, வேறு பெரிய தொகை.

வழக்காடலாமா என்று கேட்பார்கள். காரணம் இருந்தால் தாராளமாக. பலகை விழுந்து கிடந்தது, மரக்கிளை மறைத்தது, டிக்கெட்டில் பிளேட் எண்ணே தப்பு, அந்த நேரத்தில் வண்டி திருடு போயிருந்தது. இவையெல்லாம் எடுபடக்கூடிய காரணங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது. தபாலிலும் வாதாடலாம், நேரிலும் வாதாடலாம். கெடு எத்தனை நாள் என்று டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். வண்டியைத் தூக்கியதையே எதிர்த்து விசாரணை கேட்கவும் வழி உண்டு, அதைப் பவுண்டு ஜன்னலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ‘பனியே இல்லையே ஐயா’ என்பது மட்டும் காரணமாக எடுபடாது. எனக்கும் முதலில் தோன்றியது அதுதான், எழுதிப் பார்த்துவிட்டு நானே அழித்துவிட்டேன்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கடை வாசலில், அபார்ட்மென்ட் வளாகத்தில் விட்ட வண்டி காணாமல் போனால் அது நகராட்சி வேலையாக இருக்காது, வண்டி இழுக்கிற தனியார் (டோ) நிறுவனமாக இருக்கும். அதற்கு விதி வேறு, கட்டணம் வேறு, வண்டி போய்ச் சேரும் இடமும் வேறு. அந்த வளாகத்திலேயே நிறுவனத்தின் பெயரும் போன் எண்ணும் போட்ட பலகை இருக்கும், அங்கே பேச வேண்டும். அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் குறை இருந்தால் இல்லினாய் வணிக ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

இப்போதெல்லாம் நவம்பர் 30 ராத்திரி ஒன்பது மணிக்கு என் போனில் மணி அடிக்கும். அடித்ததும் என் வண்டியைப் பார்க்கிறேனோ இல்லையோ, மாடிக்குப் போய்க் கதவைத் தட்டுவேன். அங்கே ஆண்டுதோறும் புதுசு புதுசாக மாணவர்கள் குடிவருகிறார்கள். போன வருஷம் கோயம்புத்தூர்ப் பையன்கள் மூன்று பேர், ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டுப் பழைய ஹோண்டா ஒன்று வாங்கியிருந்தார்கள்.

“தம்பி, வண்டி எங்கே விட்டிருக்கீங்க?”

“பெரிய ரோட்டுல அண்ணா. இன்னிக்கு செம இடம் கிடைச்சுது, ரோடே காலியா இருந்துச்சு.”

“மணி என்னாச்சு பார்த்தியா? நாளைக்குத் தேதி என்ன?”

அவன் காலண்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் லுங்கிக்கு மேலேயே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, சாவியைத் தேடியபடி படியில் இறங்கி ஓடினான்.